தோற்றவரின் அடுத்த சண்டைக்கு யார் காசு கட்டுவார்?

லாஸ் வேகஸில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய குத்துச்சண்டை வன்னியில் ஞாயிறு காலைச் சங்கதி. அங்கே இரவு எட்டரை மணி என்றால், அவர்களின் கோடையில் இங்கே காலை ஒன்பது. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பத்து. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ அதைப் பார்க்கும் பெடியள் அநேகமாகக் காசு கட்டிப் பார்ப்பதில்லை. கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பும் லிங்க், இல்லாவிட்டால் ரெலிகிராமில் ஓடும் களவு ஒளிபரப்பு, அதுவும் சுற்றிக்கொண்டே நின்றால் மத்தியானம் யூடியூப்பில் வரும் ஐந்து நிமிடத் துண்டு. பிடித்த வீரர் விழுந்துவிட்டால் உடனே தீர்ப்பும் வந்துவிடும்: "ஆள் முடிஞ்சுது மச்சான், இனி ஆர் காசு குடுத்துப் பார்க்கிறது?"

கேள்வி சரியானதுதான். ஆனால் எந்தச் சண்டைக்கு எத்தனை வீடுகள் காசு கட்டின என்ற பழைய கணக்குகளைப் புரட்டினால் அந்தத் தீர்ப்பு நிற்காது. மைக் டைசன் தோற்றபின் முன்னரைவிடக் கூடுதலாக விற்றார். பிலிப்பைன்ஸின் மனி பக்கியாவோ தோற்றபின் பாதிக்கும் கீழே இறங்கினார். பிறகு, அந்தத் தோல்வி பதிவில் கிடக்கும்போதே, ஆகக் கூடுதலாக விற்ற சண்டையில் போய் நின்றார். டியொன்டே வைல்டர் தோற்றபின் ஒருமுறை நன்றாக விற்று, மறுமுறை படுத்துவிட்டார்.

மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே காரணம். ஒரு வீரரின் புகழ் இவ்வளவுக்குக் கீழே விற்பனை போகாது என்று ஓர் அடிமட்டத்தைத்தான் தரும். மேலே எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிப்பது எதிரே நிற்கும் ஆளும், அந்தச் சோடி எழுப்பும் கேள்வியும். தோல்வி அடிமட்டத்தை அவ்வளவாக அசைப்பதில்லை. அது அந்தக் கேள்வியைத்தான் கொல்கிறது, அல்லது புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடுகிறது.

காசு எப்படிப் பிரிகிறது

பே-பெர்-வியூ என்பது மாதச் சந்தா அல்ல. ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும், ஒரு வீட்டுப் பெட்டிக்கு ஒருமுறை கட்டும் காசு. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் வன்னியில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்குப் பிடித்து முற்றத்தில் படம் போட்டதை நினைத்துக்கொண்டால் விளங்கும்: பார்த்தது ஐம்பது பேர், வாடகைக் கடைக்காரரின் கொப்பியில் ஏறியது ஒன்று. "12 இலட்சம் விற்றது" என்று செய்தி வந்தால் அது 12 இலட்சம் வீடுகள். தலைக்கணக்கு அதைவிடப் பல மடங்கு. மதுச்சாலைகளும் உணவகங்களும் தனி உரிமம் எடுத்துக் காட்டுவதால் அவை வீட்டுக் கணக்கில் வருவதில்லை.

விலையும் ஏறிக்கொண்டே வந்தது. 2007 இல் டி லா ஹோயாவும் மேவெதரும் மோதியதைப் பார்க்க 54.95 டொலர். 2015 இல் மேவெதர்–பக்கியாவோ சண்டைக்குச் சாதாரணத் தரத்தில் 89.95, உயர்தரத்தில் 99.95. இப்போது பெரிய சண்டைகளுக்கு 70 முதல் 85 டொலர் வரை கேட்பது வழமை. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 80 டொலர் 24,000 ரூபாய். இங்கே கூலி வேலை செய்யும் ஒருவருக்கு அது ஒரு வாரத்துக்கும் கூடிய உழைப்பு. அமெரிக்காவிலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுபவர்கள் குறைவு. நாலு நண்பர்கள் பிரித்துக் கட்டுவார்கள், அல்லது கடைசி நாள்வரை யோசிப்பார்கள். விற்பனையில் பெரும்பங்கு கடைசி நாளில், அதிலும் கடைசி மணித்தியாலங்களில்தான் நடக்கிறது. 2015 மே 2 இரவு அமெரிக்காவில் கடைசி நேரத்தில் குவிந்த கட்டணங்களைக் கேபிள், சற்றலைற் நிறுவனங்களின் இயந்திரங்கள் தாங்காமல், பிரதான சண்டையையே பிந்தித்தான் தொடங்கினார்கள்.

இந்தக் காசில் ஏறத்தாழ அரைவாசி கேபிள் அல்லது சற்றலைற் நிறுவனத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் ஒளிபரப்பும் தொலைக்காட்சி தன் பங்கை எடுக்கும். அதன்பிறகு வருவதில்தான் சண்டையை ஏற்பாடு செய்யும் புரமோட்டரும் வீரர்களும் பங்கு போடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 70 டொலர் வீதம் 5 இலட்சம் வீடுகள் வாங்கினால் மொத்தம் 3.5 கோடி டொலர். கேபிள்காரருக்கு அரைவாசி போக 1.75 கோடி. தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் 25 இலட்சம் கழித்தால் 1.5 கோடி. பிரதான வீரருக்கு 80 இலட்சம், எதிராளிக்கு 30 இலட்சம், முன் சண்டைகளுக்கும் செலவுகளுக்கும் 20 இலட்சம் என்று உத்தரவாதம் கொடுத்திருந்தால் புரமோட்டரின் கையில் 20 இலட்சம் மிஞ்சும். அதே நிகழ்ச்சியை 2 இலட்சம் வீடுகள் மட்டும் வாங்கினால் மொத்தமே 1.4 கோடி, அரைவாசி போக 70 இலட்சம். பிரதான வீரரின் உத்தரவாதத்துக்கே காணாது. அரங்க ரிக்கெற்றும் வெளிநாட்டு உரிமையும் கொஞ்சம் தாங்கும் என்றாலும் பள்ளம் பள்ளம்தான்.

ஆகவே தோற்ற வீரரை முன்னால் வைத்துக்கொண்டு புரமோட்டர் கேட்பது "இவருக்கு இன்னும் புகழ் இருக்கிறதா" என்பதல்ல. "இவர் கேட்கும் உத்தரவாதத்தைக் கடக்கிற அளவுக்கு வீடுகள் வாங்குமா" என்பதே. இரண்டும் வேறு வேறு. தோற்றபின்னும் புகழ் குறையாத வீரர் பழைய சம்பளத்தையே கேட்பார். அடிபடுவது அங்கேதான்.

டைசன்: ஒரே ஆள், மூன்று விதமான கணக்கு

1996 நவம்பர் 9 அன்று இவாண்டர் ஹோலிஃபீல்ட் டைசனைப் பதினோராவது சுற்றில் நிறுத்தினார். ஏறத்தாழ 16 இலட்சம் வீடுகள் வாங்கியிருந்தன. 1997 ஜூன் 28 அன்று மறு சண்டை. இம்முறை ஏறத்தாழ 20 இலட்சம். தோற்றவர் விற்பனையைக் குறைக்கவில்லை, கூட்டினார். முதல் சண்டைக்கு முன் ஹோலிஃபீல்ட் தேய்ந்துபோனவர் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அவர் வென்றதும் "அது ஒருநாள் அதிசயமா, இல்லை டைசன்தான் முடிந்துவிட்டாரா" என்ற கேள்வி பிறந்தது. காசு கட்டியவர்கள் வாங்கியது அதற்கான பதிலை. பதில் வந்தபாடில்லை, மூன்றாவது சுற்றில் காதைக் கடித்து டைசன் தகுதி நீக்கப்பட்டார், நெவாடா மாநிலம் அவருடைய உரிமத்தையும் பறித்தது.

1999 ஜனவரியில் அவர் திரும்பி வந்தபோது எதிரே பிரான்சுவா போத்தா. டைசனின் பெயர் உலகம் முழுக்க முன்னரைவிடக் கூடுதலாக அடிபட்ட காலம் அது. பத்திரிகைகளில் அவர் இல்லாத வாரம் இல்லை. ஆனால் விற்பனை ஹோலிஃபீல்ட் மறு சண்டையின் பாதியைக்கூட எட்டவில்லை. போத்தாவிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை, அவ்வளவுதான்.

2002 ஜூன் 8, மெம்ஃபிஸ். எதிரே லெனொக்ஸ் லூயிஸ். லூயிஸ் எச்.பி.ஓ. தொலைக்காட்சியோடும் டைசன் ஷோடைம் தொலைக்காட்சியோடும் கட்டுண்டு இருந்ததால், பரம எதிரிகளான இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒளிபரப்பின. மறுபடியும் 20 இலட்சத்தை நெருங்கியது. டைசன் எட்டாவது சுற்றில் விழுந்தார். 1997 இற்கும் 2002 இற்கும் இடையில் அவருடைய புகழ் ஒருநாளும் குறையவில்லை. ஏறி இறங்கி ஏறியது எதிராளியின் தரம் மட்டுமே.

வென்றவரும் விழுந்த கணக்கு

தோல்விதான் விற்பனையைக் கொல்கிறது என்பவர்கள் 2015 ஐப் பார்க்க வேண்டும். மேவெதர்–பக்கியாவோ சண்டையை அமெரிக்காவில் 46 இலட்சம் வீடுகள் வாங்கின. இன்றுவரை அதுதான் சாதனை. மேவெதர் புள்ளிகளில் வென்றார். நான்கு மாதம் கழித்து, செப்ரெம்பர் 12 அன்று, தோல்வியே காணாத 48 வெற்றிகளோடு அதே அரங்கில் அன்ட்ரே பேர்ட்டோவைச் சந்தித்தார். வெளியான கணக்குகள் 4 முதல் 5½ இலட்சம் வரைதான் போகின்றன. வென்ற ஆள் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினார்! இதில் தோல்வியின் பங்கு பூச்சியம். ஐந்து வருடமாகக் காத்திருந்த கேள்வி தீர்ந்துபோனதும், நூறு டொலர் கட்டி மந்தமான பன்னிரண்டு சுற்றுகளைப் பார்த்த எரிச்சலும்தான் காரணம். பக்கியாவோ தோள் காயத்தை மறைத்துவிட்டார் என்று சொல்லி வாங்கியவர்கள் கூட்டாக வழக்கே போட்டார்கள். நீதிமன்றங்கள் அவற்றைத் தள்ளுபடி செய்தன.

இந்த எரிச்சல் முக்கியமான விடயம். வாங்கியவர் ஏமாந்ததாக நினைத்தால் அதன் விலையை அடுத்த சண்டைதான் கட்டும், அந்தச் சண்டையில் நிற்பவர் வென்றவரோ தோற்றவரோ. தோல்வி வேறு, ஏமாற்றம் வேறு. அடிபட்டு, எழும்பி, திருப்பி அடித்து, கடைசியில் விழுந்தவரிடம் யாரும் காசைத் திருப்பிக் கேட்பதில்லை.

பக்கியாவோவின் இரண்டு தோல்விகள்

ஒரே ஆண்டில் இரண்டு விதமாகத் தோற்று, தோல்வியின் வகை எவ்வளவு முக்கியம் என்று காட்டித் தந்தவர் பக்கியாவோ. 2012 ஜூன் 9 அன்று திமத்தி பிராட்லியிடம் தோற்றதாக நடுவர்கள் பிரிந்து தீர்ப்பளித்தார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டை ஏறத்தாழ 9 இலட்சம் விற்றது. அடுத்தது டிசெம்பர் 8 அன்று ஹுவான் மனுவல் மார்கெஸுடன் நான்காவது மோதல்: 11½ இலட்சம். "தோற்ற" பிறகு கூடியது. தோல்வியை மக்கள் நம்பாவிட்டால் அது தோல்வியாகக் கணக்கில் ஏறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அந்த டிசெம்பர் இரவில் ஆறாவது சுற்றின் கடைசி வினாடியில் மார்கெஸின் வலக்கை விழுந்தது. பக்கியாவோ முகங்குப்புற அசையாமல் கிடந்த படம் உலகம் முழுக்கப் போனது. அடுத்த சண்டை 2013 நவம்பரில், சீனாவின் மக்காவ் நகரில், பிரண்டன் ரியோஸுடன். 4¾ இலட்சம். மார்கெஸ் சண்டையின் பாதிகூட இல்லை. ஆனால் இங்கே முழுப் பழியையும் நொக் அவுட்டின் மேல் போட முடியாது. ரியோஸ் தானே முந்தைய சண்டையில் தோற்று வந்தவர். இடம் வேகஸ் அல்ல. அமெரிக்க இரவுக்குப் பொருந்த வேண்டும் என்று மக்காவில் ஞாயிறு மத்தியானம் நடத்தினார்கள். வழமையான விளம்பரச் சுற்றுகளும் அமெரிக்காவில் போதாமல் இருந்தன. 2014 ஏப்ரலில் வேகஸுக்குத் திரும்பி பிராட்லியுடன் மோதியபோது 7½ முதல் 8 இலட்சம் வரை ஏறியது. அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் மக்காவ், எதிரே அதிகம் பேர் அறியாத கிறிஸ் அல்ஜியேரி: 4 இலட்சத்துக்குள் நின்றது. அதற்கு ஆறு மாதம் கழித்து 46 இலட்சம்.

இந்த வரிசையைத் திரும்பப் பாருங்கள். நொக் அவுட்டுக்குப் பின் ஒரு தடவை இறங்கி, ஏறி, வென்றுகொண்டிருக்கும்போதே இறங்கி, பிறகு வானத்துக்குப் போனது. பக்கியாவோவின் அடிமட்டம் 3 முதல் 4 இலட்சம் வீடுகள். அதற்கு மேலே ஏறிய ஒவ்வொரு இலட்சமும் எதிராளி கொண்டுவந்தது.

ஒஸ்கார் டி லா ஹோயாவின் அடிமட்டம் இதைவிட உயரம். 1999 இல் ஃபெலிக்ஸ் டிரினிடாட்டிடம் தோற்ற சண்டை 14 இலட்சம். அதன்பின் ஷேன் மோஸ்லியிடம் இரு தடவை, பேர்னார்ட் ஹொப்கின்ஸிடம் ஒரு தடவை தோற்றார். ஹொப்கின்ஸ் 2004 இல் ஈரலில் அடித்து ஒன்பதாவது சுற்றில் அவரை எழும்ப முடியாமல் செய்தார். இருபது மாதம் ஒதுங்கி இருந்துவிட்டு 2006 மே மாதம் ரிக்கார்டோ மயோர்காவுடன் வந்தபோதும் 9 இலட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த ஆண்டு மேவெதருடன் 24 இலட்சம். அவருடைய தோல்விகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: டிரினிடாட்டிடமும் மோஸ்லியிடமும் தோற்றது வாதத்துக்குரிய தீர்ப்புகளில், ஹொப்கின்ஸிடம் தோற்றது தன் எடையைவிட மேலே ஏறிப் போய். வாங்குபவர் மன்னிக்கக்கூடிய தோல்விகள். மயோர்காவைத் தெரிந்தெடுத்ததும் புத்திசாலித்தனம். வாய்த்துடுக்கு நிறைந்தவர், நின்று அடிவாங்குபவர், டி லா ஹோயாவை நேரடியாக அவமதித்தவர். தோற்றுவிட்டு வருபவருக்கு இப்படி ஒரு எதிராளி கிடைத்தால் விளம்பரச் செலவே பாதியாகும்.

கனேலோ அல்வாரெஸுக்கு அப்படி அமையவில்லை. 2013 செப்ரெம்பரில் மேவெதரிடம் தோற்றபோது 22 இலட்சம். ஆறு மாதம் கழித்து அல்ஃப்ரெடோ அங்குலோவுடன் 3½ இலட்சம். இதைச் சரிவு என்று எழுதியவர்கள் அந்த 22 இலட்சத்தில் பெரும்பகுதி மேவெதருடையது என்பதை மறந்துவிட்டார்கள். 23 வயதில் தோற்ற கனேலோ 2015 இல் மிகுவேல் கொட்டோவுடன் 9 இலட்சம், 2017 இல் கொலோவ்கினுடன் 13 இலட்சம் என்று ஏறினார். இளம் வயதுத் தோல்வி விலையைக் குறைப்பதில்லை, ஏறுவதைப் பிந்தப்பண்ணும்.

மறு சண்டை என்ற கண்கட்டு

வைல்டர் விடயத்தில் சறுக்கியவர்கள் பலர். 2020 பெப்ரவரியில், இருவரின் இரண்டாவது மோதலில், டைசன் ஃபியூரி அவரை ஏழாவது சுற்றில் நிறுத்தினார். 8 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒப்பந்தத்தில், தோற்றவர் மறுபடி மோதக் கேட்கலாம் என்ற மறு சண்டைப் பிரிவு இருந்தது. ஃபியூரி அந்தோனி ஜோஷுவாவுடன் மோதத் திட்டமிட்டபோது வைல்டர் தரப்பு அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு மத்தியஸ்தரிடம் போய் வென்றது. 2021 ஒக்ரோபரில் மூன்றாவது மோதல்: ஏறத்தாழ 6 இலட்சம். இரண்டு தடவை தரையில் விழுத்தி, தானும் விழுந்து, பதினோராவது சுற்றில் முடிந்த பிரமாதமான சண்டை. வைல்டரின் மதிப்பு உயர்ந்தது, பாராட்டு குவிந்தது. ஓராண்டு கழித்து ரொபர்ட் ஹெலேனியஸுடன் தனியாக வந்தபோது வெளியான கணக்கு ஓர் இலட்சத்தையும் எட்டவில்லை.

அதாவது தோற்ற வீரரின் முதல் கணக்கு மறு சண்டையாக இருந்தால் அதை வைத்து அவருடைய புகழை அளக்கவே கூடாது. மறு சண்டையின் எண்ணிக்கையில் வென்றவரின் வீடுகளும் பழைய சண்டையின் மிச்சமும் கலந்திருக்கும். உண்மையைச் சொல்வது அதற்கு அடுத்தது: புதிய எதிராளி, பட்டம் இல்லாமல், தன் பெயரை மட்டும் நம்பி நிற்கும் சண்டை. புரமோட்டர்கள் மறு சண்டைப் பிரிவை அவ்வளவு பிடிவாதமாக எழுதிக்கொள்வதும் இதனால்தான்.

அந்த அடுத்த சண்டை பல வேளைகளில் விற்பனைக்கே வருவதில்லை. டி லா ஹோயா டிரினிடாட்டிடம் தோற்றபின் 2000 பெப்ரவரியில் டெரல் கோலியுடன் மோதியது எச்.பி.ஓ.வின் சாதாரணச் சந்தாவில். ரையன் கார்சியா 2023 ஏப்ரலில் ஜெர்வொண்டா டேவிஸிடம் தோற்ற சண்டை 12 இலட்சம் விற்றதாக அறிவித்தார்கள். அதே டிசெம்பரில் ஒஸ்கார் டுவார்டேயுடன் வந்தது டாசோன் என்ற இணைய விளையாட்டு ஒளிபரப்பின் சந்தாவில். உசிக்கிடம் இரு தடவை தோற்ற ஜோஷுவா 2023 ஏப்ரலில் ஜெர்மெய்ன் ஃபிராங்க்ளினைச் சந்தித்ததும் அப்படியே. கார்சியாவுக்குச் சமூக ஊடகங்களில் கோடிக்கணக்கில் பின்தொடர்பவர்கள். இருந்தும் தோற்ற கையோடு அந்தக் கூட்டத்திடம் காசு கேட்டுப் பார்க்க ஒருவரும் துணியவில்லை. இதனால் நம் கையில் இருக்கும் "தோல்விக்குப் பிந்திய விற்பனை" எல்லாமே விற்கும் என்று யாரோ நம்பித் துணிந்தவை. பயந்து சந்தாவுக்குள் ஒளித்துவைத்தவற்றுக்கு எண்ணிக்கையே கிடையாது. புகழ் தோல்வியைத் தாங்கும் என்று காட்டும் பட்டியல்களில் பாதி இந்த வடிகட்டலால் இனிப்பாகத் தெரிபவை.

எந்த ஊர்ப் புகழ்?

பக்கியாவோ சண்டை போட்டால் மணிலாவில் தெருக்கள் வெறிச்சோடும். ஆனால் 46 இலட்சம் என்ற கணக்கில் மணிலா இல்லை. அது அமெரிக்க வீடுகளின் கணக்கு. டைசனின் பெயர் மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் குத்துச்சண்டையையே பார்க்காதவர்களுக்கும் தெரியும். அந்தப் புகழுக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. காசு கட்டக்கூடிய நாட்டில், கட்டிப் பழகிய கூட்டத்திடம் இருக்கும் புகழ் மட்டும்தான் விற்பனையாக மாறும். அமெரிக்காவில் அந்தக் கூட்டத்தின் முதுகெலும்பு மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்கள். பெரிய சண்டைகள் மே 5 ஐ ஒட்டியோ மெக்சிக்கோவின் சுதந்திர தினமான செப்ரெம்பர் 16 ஐ ஒட்டியோ வருவது அதனால்தான். கனேலோ 2022 மே மாதம் பிவோலிடம் தோற்றார். செப்ரெம்பரில் கொலோவ்கினுடன் மூன்றாவது மோதலுக்கு வந்துவிட்டார். அந்தத் திகதியை விட்டுக்கொடுக்க அவர் தரப்பு தயாராக இல்லை. ஒரு தோல்வி செய்யும் சேதத்தைவிடத் தவறான திகதி செய்யும் சேதம் பெரிது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் கணக்குப் போடுகிறார்கள். சரியான கணக்கு என்றே தோன்றுகிறது.

பிரித்தானியாவில் வேறு கதை. 2007 டிசெம்பரில் மேவெதரிடம் நொக் அவுட் ஆன ரிக்கி ஹற்றன், அடுத்த மே மாதம் மன்செஸ்ரரில் கால்பந்து மைதானத்தில் 55,000 இற்கு மேற்பட்டோரைக் கூட்டினார். ஊர்ப்பற்றால் வரும் கூட்டம் வெற்றி தோல்வி பார்ப்பதில்லை. ஆனால் அது அரங்கை நிரப்புமே தவிர, அட்லாண்டிக்குக்கு அப்பால் பெட்டிகளைத் திறக்காது.

எண்ணிக்கைச் செய்தி ஒன்று கைபேசியில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதை யார் சொன்னார் என்பதை. பெரும்பாலும் புரமோட்டரே சொல்வார், அல்லது அவர் சொன்னதாக ஒரு நிருபர் எழுதுவார். வெளியாள் தணிக்கை கிடையாது. சண்டை முடிந்து ஒரு வாரத்துக்குள் பெரிய எண் வந்தால் அது பெருமைக்குச் சொன்னது. ஒரு மாதமாகியும் மூச்சில்லை என்றால் விற்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கா மட்டுமா, உலகம் முழுதுமா, பிரித்தானியாவையும் கூட்டியா என்பதையும் கவனிக்க வேண்டும். 40 டொலருக்கு விற்ற 10 இலட்சமும் 85 டொலருக்கு விற்ற 5 இலட்சமும் வருமானத்தில் ஏறத்தாழ ஒன்று. அரங்க ரிக்கெற் வருமானத்தை நெவாடா போன்ற மாநில ஆணையங்கள் பதிவு செய்வதால் அந்த எண் மட்டும் நம்பத் தகுந்தது. மேவெதர்–பக்கியாவோவுக்கு அது ஏறத்தாழ 7.2 கோடி டொலர்.

களவு ஒளிபரப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. "எப்படியும் வாங்குவேன்" என்பவர் களவுக்குப் போவதில்லை. "பார்த்தால் பார்க்கலாம்" என்பவர்தான் போகிறார். தோல்வி வாங்குபவரை முதல் வகையிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளுகிறது. ஆக, தோற்ற வீரரின் சண்டையைப் பார்ப்பவர்கள் குறைவதைவிடக் கட்டுபவர்கள் வேகமாகக் குறைகிறார்கள். புகழ் அப்படியே இருக்க விற்பனை மட்டும் விழும் மர்மத்தின் பெரிய பகுதி இதுதான்.

சந்தாவுக்குப் போனபின்

எச்.பி.ஓ. 2018 உடன் குத்துச்சண்டையை விட்டது, ஷோடைம் 2023 உடன். 2024 நவம்பர் 15 அன்று 58 வயது டைசன், யூடியூப்பில் பெயரெடுத்துக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் போலுடன் மோதியதை நெட்ஃபிளிக்ஸ் தன் சந்தாவிலேயே காட்டியது. 6 கோடி வீடுகள் பார்த்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன் டைசனின் கடைசி இரண்டு அதிகாரபூர்வச் சண்டைகளும் தோல்விகள், இரண்டாவதில் கதிரையிலிருந்து எழும்பவே மறுத்தவர். 2025 செப்ரெம்பரில் கனேலோ குரோஃபர்டிடம் தோற்ற சண்டையும் நெட்ஃபிளிக்ஸில்தான். 4 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்ததாகச் சொன்னார்கள். 2024 இல் டானியல் டுபுவாவிடம் ஐந்தாவது சுற்றில் நொக் அவுட் ஆன ஜோஷுவாவின் அடுத்த சண்டை, 2025 டிசெம்பரில் ஜேக் போலுடன், அதே இடத்துக்குப் போனது.

சந்தாவில் "இவருக்காக 80 டொலர் கட்டுவதா" என்று யாரும் கடைசி மணித்தியாலத்தில் யோசிப்பதில்லை. அதனால் தோல்வியின் சேதமும் அங்கே தெரிவதில்லை, வேடிக்கை பார்க்கும் ஆவல் போதும். இதற்கு விலையும் உண்டு. பே-பெர்-வியூவில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என்று வீரருக்கு மேலதிகப் பங்கு வரும். மேவெதரும் பக்கியாவோவும் 60–40 என்று பிரித்துக்கொண்ட செல்வம் அப்படி வந்தது. சந்தாவில் பேசிய தொகை பேசியதுதான், எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் கூடாது. தோற்றுவிட்டு வருபவருக்கு அது பாதுகாப்பு. உச்சத்தில் நிற்பவர் அதில் இழப்பது அதிகம், எனவே முன்கூட்டியே பெரிய தொகையைக் கறப்பதில்தான் அவருடைய தரகர்கள் இப்போது நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.